நூத்துக்கு முப்பத்தொண்ணு

வாங்க சார், வாங்க. பையைக் கீழ வைங்க. அம்மா, நீங்க குழந்தையைத் தூக்கிட்டு உள்ள போயிடுங்க, தூங்கி விழுது பாருங்க. கொண்டை ஊசி வளைவுல தலை சுத்தியிருக்கும் பாவம். இந்திரா! கெஸ்ட் வந்தாச்சு, அந்த மூலை ரூமைக் காட்டு. வெந்நீர் போடு. நீங்க இருங்க சார். நீங்க மட்டும் ஒரு நிமிசம் இந்தச் சேர்ல உக்காருங்க. ஒரே ஒரு கேள்விதான். எங்க வீட்டை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

இருங்க, இருங்க. சொல்லாதீங்க. நானே சொல்றேன். போனை எடுத்தீங்க. ஏற்காட்டுல தங்கறதுக்கு வீடுன்னு தேடினீங்க. 'சென்றாயன் மலைவீடு'ன்னு எங்க பேரு மேல வந்து நின்னுச்சு. சரியா? நீங்க சிரிக்கறதுலயே தெரியுது சார். நீங்க வாயைத் திறக்கவே வேண்டாம்.

ஏன் கேக்கறேன்னா, வர்றவங்களை ஒரு தடவை கேளுங்க, கேளுங்கன்னு இந்திராணி ரெண்டு மாசமா என் உயிரை வாங்கறா. என் சம்சாரம்தான். நான் கேக்கலை. கல்யாண வீட்டுல பந்தியில உக்காந்திருக்கறவனைப் பாத்து, உனக்கு யாருய்யா பத்திரிகை வெச்சதுன்னு கேப்போமா? மரியாதையா அது? ஆனா இன்னைக்கு சாயங்காலம் சேலத்துல இருந்து எனக்கு ஒரு முக்கியமான போன் வரும். அதுக்கு முன்னாடி ஒரே ஒருத்தரையாவது இவ காது கேக்க, ஸ்கோரைப் பாத்துத்தான் வந்தேன்னு சொல்ல வெக்கணும். நீங்க வசமா மாட்டினீங்க. காபி குடிக்கறீங்களா? நம்ம தோட்டத்துக் காபி. இந்திரா, ரெண்டு காபி!

ஸ்கோர்னா என்னன்னு கேக்கறீங்களா? கேக்கலையா? பரவால்ல, சொல்றேன். உங்களுக்கும் நாளைக்கு உதவும்.

இந்த வீடு எங்கப்பா கட்டினது. ரிடையர் ஆனதும் அஞ்சு ரூமா தடுத்து, வர்றவங்க தங்கட்டும்னு விட்டேன். நல்லாத்தான் போச்சு. போன வருசம் சீசன்ல பாத்தா ஈ, காக்கா இல்லை. மே மாசம் சார்! கீழ சேலம் அனலா கொதிக்குது, ஊரே மலை ஏறி வருது, படகுத்துறையில நிக்க இடம் இல்லை, நம்ம வீட்டுல மட்டும் மெத்தை விரிச்சது விரிச்சபடி கெடக்குது. எங்க பையன் ஓசூர்ல இருக்கான். "எதுக்குப்பா கஷ்டப்படறீங்க, வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துடுங்க"ங்கறான். இந்திராவும் தலையாட்டறா. இன்னும் ஒரு சீசன் பாப்போம், நிறையலைன்னா பூட்டிடலாம்னு பேச்சு. ஓசூர்ல என்ன சார் இருக்கு? பத்து மாடிக்கு மேல ஒரு பால்கனி. அதுல ஒரு துளசித் தொட்டி. நான் காலையில எந்திரிச்சு யாரைப் பாத்து வாங்கன்னு சொல்வேன்? வர்றவங்களை வாங்கன்னு சொல்லியே பழகிட்டேன். அது இல்லைன்னா எனக்குப் பைத்தியம் புடிச்சுடும்.

அப்பதான் இந்த ஸ்கோர் விசயம் வந்துச்சு. அதைச் சொல்லணும்னா முதல்ல எங்க சகலையைப் பத்திச் சொல்லணும். குப்புராஜ். இந்திராவோட தங்கச்சி உதயராணி வீட்டுக்காரன். வளைவு தாண்டி மேல 'பனித்துளி காட்டேஜ்'னு வெச்சிருக்கான். வரும்போது பாத்திருப்பீங்களே? தலையை ஆட்டறீங்க. பாக்காம எப்படி? பச்சைக் கலர்ல, கண்ணு கூசற மாதிரி அடிச்சு வெச்சிருக்கான்.

எனக்கும் அவனுக்கும் ஒரு காலத்துல அப்படி ஒரு ஒட்டுறவு சார். ஒரே பைக்குல போவோம், வருவோம். அவன் மக நிரஞ்சனா காலேஜ் படிக்கறப்ப ரெண்டு வீட்டுக்கும் வெப்சைட் போட்டுக் குடுத்தா. எங்க சைட்டுல கீழ அவங்க வீட்டுப் பேரு, அவங்க சைட்டுல கீழ எங்க வீட்டுப் பேரு. அதைத் தொட்டா இது வரும், இதைத் தொட்டா அது வரும். அழகா இருந்துச்சு.

அப்புறம் போன ஆவணியில அவன் புதுசா ஒரு பிளாக் கட்டி, புதுமனை புகுவிழாவுக்குப் பத்திரிகை அடிச்சான். என் பேரு போட்டிருந்தானான்னு கேளுங்க. போட்டிருந்தான். எங்க போட்டிருந்தான்னு கேளுங்க. மேல அவங்கப்பா பேரு, சரி. அப்புறம் தாய்மாமன், சரி. அப்புறம் மேஸ்திரி. சரி, கட்டினவரு, போகட்டும். அப்புறம் பந்தல் போடற செங்கோடன். அதுக்குக் கீழ 'மற்றும்'னு ஒரு வார்த்தை. அதுக்கும் கீழ சார், நான். மூத்த மாப்பிள்ளை. பந்தல்காரருக்குக் கீழ!

"அண்ணா, பிரஸ்காரன் எடம் பாத்துப் போட்டுட்டான்"ங்கறான். எடம் பாத்தா? மனசு பாத்துன்னு சொல்லு. நான் அந்த விசேசத்துக்குப் போகலை. இந்திராவையும் போக விடலை. அன்னைக்கே ஒரு ஆளைப் புடிச்சு எங்க சைட்டுல இருந்து அவன் வீட்டுப் பேரை அழிச்சுட்டேன். அதோட சரி. பேச்சு வார்த்தை கெடையாது. அக்கா, தங்கச்சிக்குள்ளயும் கெடையாது. இந்திரா என் பேச்சை மீற மாட்டா. செவ்வாய்க்கிழமையானா சந்தைக்குப் போவா, வருவா, அவ்வளவுதான். வரும்போது பை நிறைய பட்டர் ஃப்ரூட் கொண்டாருவா. இந்த ஊர்லயே குப்புராஜ் தோட்டத்துல மட்டும்தான் அவ்வளவு பெருசு காய்க்கும்னு நெனைச்சிருந்தேன். சந்தையிலயும் கெடைக்குது போல இருக்கு.

இந்தாங்க காபி. சர்க்கரை போதுமா?

போன வருசக் கடைசியில லாட்ஜ்காரங்க, காட்டேஜ்காரங்க எல்லாருக்கும் ஒரு மீட்டிங் போட்டாங்க. சேலம் அஞ்சு ரோட்டுல இருந்து பிரதாப் சார்னு ஒருத்தர் வந்தாரு. டை கட்டியிருந்தாரு. சுவத்துல படம் போட்டு, "உங்க வெப்சைட்டுக்கு வெளியில எத்தனை பேர் லிங்க் குடுத்திருக்காங்களோ, அதை வெச்சு நூத்துக்கு ஒரு மார்க்கு இருக்கு"ன்னாரு. சொன்னதோட விட்டாரா? எல்லார் சைட்டையும் ஒவ்வொண்ணா போட்டு மார்க்கைக் காட்ட ஆரம்பிச்சாரு. குப்புராஜுக்கு இருபத்திரெண்டு. எல்லாரும் கை தட்டறாங்க. அடுத்து நம்மது. நாலு.

நாலு சார்! நூத்துக்கு நாலு. அந்த ஹால்ல ஒருத்தன் 'ச்சு'ன்னு உச்சு கொட்டினான். இழவு வீட்டுல கொட்டற மாதிரி. குப்புராஜ் திரும்பி என்னைப் பாத்தான். அவன் சிரிக்கலை. சிரிச்சிருந்தாக்கூடப் பொறுத்திருப்பேன். பாவமா பாத்தான். எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிச்சு.

மீட்டிங் முடிஞ்சதும் பிரதாப் சாரைப் புடிச்சேன். "லிங்க்குன்னா என்ன சார், தெளிவாச் சொல்லுங்க"ன்னேன். "ஒருத்தர் அவரோட சைட்டுல உங்க பேரைப் போட்டு, இவரு நல்லவரு, போய்ப் பாருங்கன்னு சொல்றது"ன்னாரு. "அப்ப பத்திரிகையில பேரு போடற மாதிரியா?"ன்னேன். அவரு கொஞ்சம் யோசிச்சுட்டு, "அதேதான் சார்"ன்னாரு. இது போதாதா எனக்கு? அவன் பத்திரிகையில என்னைக் கீழ போட்டான். ஊர்ல இருக்கற அத்தனை பத்திரிகையிலயும் நான் மேல வந்து காட்டறேனா இல்லையா பாருன்னு கெளம்பிட்டேன்.

எங்கெல்லாம் போனேன் சார்! சேலத்துல எனக்குப் பல்லு கட்டின டாக்டரு சைட் வெச்சிருக்காரு. போய் உக்காந்து, "டாக்டர், உங்க சைட்டுல நம்ம பேரைப் போடணும்"ன்னேன். "பல்லு ஆஸ்பத்திரி சைட்டுல லாட்ஜ் பேரு எதுக்குங்க?"ன்னாரு. "பல்லு புடுங்கினவங்க வந்து ரெஸ்ட் எடுக்கட்டும்"ன்னேன். போட்டுட்டாரு! போர்வெல் கம்பெனிக்காரரு போட்டாரு. கராத்தே மாஸ்டர் போட்டாரு. கல்யாணத் தகவல் மையத்துல போட்டாங்க. மாட்டுத் தீவனக் கடையில போட்டாங்க. எல்லாரும் சும்மா போடுவாங்களா? பதிலுக்கு நம்ம சைட்டுல அவங்க பேரைப் போடச் சொன்னாங்க. மொறைதானே. நானும் போட்டேன். இப்ப நம்ம சைட்டைத் திறந்தீங்கன்னா முதல்ல பல்லு செட்டு, அப்புறம் ஆழ்துளைக் கிணறு, அப்புறம் கராத்தே, அப்புறம் சினைமாட்டுத் தீவனம், அதெல்லாம் தாண்டிக் கீழ போனா நம்ம வீடு வரும். கூட்டம் சேர்ந்தாலே கல்யாண வீட்டுக் களை வந்துடுது சார்.

அப்படியும் மார்க்கு பதினொண்ணைத் தாண்டலை. பிரதாப் சார், "உள்ளூர் போதாது சார், வெளிநாட்டு லிங்க் வாங்கணும், பேக்கேஜ் இருக்கு"ன்னாரு. எடுத்தேன். ஒரே மாசம். பிரேசில்ல ஒரு டைல்ஸ் கடை நம்ம பேரைப் போட்டிருக்கு. ஏதோ ஒரு நாட்டுல நாய் பிஸ்கட் விக்கறவன் போட்டிருக்கான். பனிச்சறுக்குக் கட்டை விக்கறவன் ஒருத்தன் போட்டிருக்கான், அவன் ஊருல எழுத்து எந்தப் பக்கம் இருந்து படிக்கறதுன்னே எனக்குத் தெரியலை. யாருன்னே தெரியாது, எந்த நாடுன்னே தெரியாது, நம்மளை மதிச்சுப் பேரு போடறான். கூடப் பொறந்த மாதிரி பழகின சகலைக்கு மனசு வரலை. சொல்லுங்க, யாரு ஒறவு?

மார்க்கு முப்பத்தொண்ணு ஆச்சு. முப்பத்தொண்ணு! அன்னைக்குக் கேசரி பண்ணச் சொல்லித் தெரு பூரா குடுத்தேன். என்ன விசேசம், பேரன் பொறந்திருக்கானான்னு கேட்டாங்க. அதுக்கு மேலன்னு சொன்னேன்.

இப்பத்தான் நீங்க கவனமா கேக்கணும். சித்திரை பொறந்ததும் கெஸ்ட் வர ஆரம்பிச்சாங்க பாருங்க, அஞ்சு ரூமும் நிறைஞ்சு போச்சு. ஒரு சனி, ஞாயிறு காலி கெடையாது. இந்திரா ஓசூர் பேச்சையே விட்டுட்டா. நான் ராத்திரி படுத்தா வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்குது சார், சாப்பிடலைன்னாக்கூட. இதுக்கு மேல என்ன நிரூபணம் வேணும்?

ஸ்கோரோட மகிமை என்னன்னா, வர்ற ஆளோட தரமே மாறிடுச்சு. இப்ப நீங்களே வந்தீங்க. கேட்டுல வந்து ஹாரன் அடிச்சீங்களா? அடிக்கலை. எறங்கி வந்து மெதுவா கூப்பிட்டீங்க. ஹாரன் அடிச்சா நம்ம நாய் மேஜர், அதோ படுத்திருக்கான் பாருங்க, ஊரைக் கூட்டிடுவான். இந்த சீசன்ல வந்தவங்க ஒருத்தர்கூட ஹாரன் அடிக்கலை சார். அவ்வளவு நாகரிகம். மார்க்கு கூடக் கூட உயர்தரமான கஸ்டமர் வருவாங்கன்னு பிரதாப் சார் அப்பவே சொன்னாரு.

அப்புறம் வழி. நீங்க பெருமாள் கோயில் பின்னாடி மண்ரோட்டுல தானே வந்தீங்க? அது உள்ளூர்க்காரங்களுக்கே பாதிப் பேருக்குத் தெரியாது. வர்றவங்க எல்லாரும் டிராஃபிக்ல மாட்டாம அதுலதான் வர்றாங்க. லிங்க் பலமா இருந்தா மேப்பே நல்ல வழியைக் காட்டும் போல இருக்கு.

இன்னொண்ணு, சாப்பாடு. வந்து பையை வெக்கறதுக்குள்ள, "இன்னைக்குக் கொள்ளுக் கடையல் உண்டுங்களா?"ன்னு கேக்கறாங்க. உங்க வீட்டம்மாகூட உள்ள நுழையும்போது கேட்டாங்களே, காதுல விழுந்துச்சு. முன்னாடி சைட்டுல இந்திரா சமையலைப் போட்டோ எடுத்துப் போட்டிருந்தோம். அதனால மார்க்குக்குப் பிரயோசனம் இல்லைன்னு பிரதாப் சார் எடுக்கச் சொல்லிட்டாரு. எடுத்தப்புறம்தான் எல்லாரும் கேக்கறாங்க. அப்ப அவரு சொன்னது எவ்வளவு சரி பாருங்க!

ஒரே ஒரு சின்னக் குறை. சைட்டுல இருக்கறது என் நம்பரு. ஆனா ரூம் கேட்டு வர்ற போன் எல்லாம் இந்திரா நம்பருக்குத்தான் வருது. என் போனுக்குப் பல்லு டாக்டர் வீடா, தீவனம் மூட்டை என்ன வெலைன்னுதான் வருது. எனக்கு டவர் சரியில்லை சார். வேற கம்பெனிக்கு மாத்தணும்.

இதுல பாருங்க, போன மாசம் பஸ் ஸ்டாண்டுல நிரஞ்சனா எதிர்ல வந்துட்டா. அப்பன் மேல கோவம், புள்ளை என்ன பண்ணும், நின்னு பேசினேன். மார்க்கைச் சொன்னேன். அவ மொகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. "பெரியப்பா, அந்த மார்க்கைக் கூகுள் போடறது இல்லை. வேற ஏதோ ஒரு கம்பெனி, இவங்க இப்படி வரலாம்னு குத்துமதிப்பாப் போடறது. கூகுள் அதைப் பாக்கறதே இல்லை. பிரேசில் டைல்ஸ் கடையில இருந்து ஒரு மனுசனாவது ஏற்காட்டுக்கு வருவானா? உங்களைத் தெரிஞ்சவங்க, இந்தத் தொழில்ல இருக்கறவங்க, மனசார ஒருத்தர் சொன்னா அந்த ஒரு லிங்க்கு போதும். காசுக்கு வாங்கறது வில்லங்கம்"னா. சின்னப் புள்ளை. அப்பன் மார்க்கைத் தாண்டிட்டேன்ல, வயித்தெரிச்சல். "சரி கண்ணு, நீ வெயில்ல நிக்காத"ன்னு ஒரு பன்னீர் சோடா வாங்கிக் குடுத்து அனுப்பிட்டேன்.

ஆனா வில்லங்கம்னு ஒரு வார்த்தை சொன்னா பாருங்க, அது மனசுல முள்ளு மாதிரி உக்காந்துக்கிச்சு. பிரதாப் சாருக்குப் போன் போட்டேன். "ஆமா சார், கெட்ட லிங்க் இருந்தா அதை மட்டும் கூகுளுக்கு எழுதிக் குடுத்து ஒதுக்கி வெச்சுடலாம். அதுக்கு வழி இருக்கு. அப்புறம் அந்த லிங்க்குக்கும் நமக்கும் சம்பந்தம் இல்லை"ன்னாரு. ஒதுக்கி வெக்கறது! நல்ல வசதி சார். நமக்கு லிங்க் குடுத்தவங்க லிஸ்டை வரிசையா படிச்சாரு. டைல்ஸ் கடை, நாய் பிஸ்கட், பல்லு, கராத்தே, நடுவுல "பனித்துளி காட்டேஜ்"னு ஒரு பேரைப் படிச்சாரு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அவன் சைட்டுல என் பேரா? நான் அவன் பேரை அழிச்சுப் பத்து மாசம் ஆச்சு. அவனும் அழிச்சிருப்பான்னு நெனைச்சேன். அழிக்காம வெச்சிருக்கான்னா என்ன அர்த்தம்? ஏதோ நக்கலா எழுதியிருக்கான். 'இந்த வீட்டுக்குப் போயிடாதீங்க, ஆளு சரியில்லை'ன்னு போட்டிருப்பான். "என்ன எழுதியிருக்கான்னு திறந்து பாருங்களேன்"னு இந்திரா சொல்றா. நான் திறப்பேனா? திறந்தா அவனுக்கு ஒரு ஆள் வந்ததாக் கணக்கு ஏறிடும் சார்! பத்து மாசமா நான் அவன் சைட்டைத் திறந்ததே இல்லை. விரல் பட்டுடக் கூடாதுன்னு ஜாக்கிரதையா இருக்கேன்.

பிரதாப் சார்கிட்ட சொல்லிட்டேன், அந்த ஒண்ணை மட்டும் ஒதுக்கி வெச்சுடுங்கன்னு. சாயங்காலம் போன் பண்றேன், சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அனுப்பிடறேன்னாரு. அந்தப் போன்தான் வரப்போவுது. இந்திரா காலையில இருந்து மொகத்தைத் தூக்கி வெச்சிருக்கா. "வர்றவங்க ஒருத்தரையாவது கேட்டுட்டு அப்புறம் அதைப் பண்ணுங்க. அப்புறம் நான் தடுக்க மாட்டேன்"னா. சரின்னேன். பயமா எனக்கு? அதான் உங்களை உக்கார வெச்சேன்.

இந்திரா, இங்க வா. கதவுக்குப் பின்னாடி நிக்காத, முன்னாடி வா. சார் சொல்லப் போறாரு. சொல்லுங்க சார், நல்லா சத்தமா. எங்களை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

என்ன சார்?

புரியலை. திருப்பிச் சொல்லுங்க.

பனித்துளியா? நீங்க அங்கயா ரூம் கேட்டீங்க? சரி, அங்க இடம் இல்லை. சீசன்ல அவனுக்கு எப்பவும் நிறைஞ்சுடும். அப்புறம்? அவன் சைட்டுலயே போட்டிருந்துச்சா? என்ன போட்டிருந்துச்சு?

இல்லை இல்லை, நீங்க சொல்ல வேண்டாம். போன்ல இருக்கா? காட்டுங்க. கணக்கு ஏறுதா ஏறலையாங்கறது அப்புறம் பாத்துக்கலாம், உங்க போன்தானே. இந்திரா, என் கண்ணாடி எங்க? தலையிலயா? ஆமா.

"எங்கள் இடம் நிரம்பி விட்டதா? கவலை வேண்டாம். கீழே எங்கள் அண்ணன் சென்றாயன் வீடு இருக்கிறது. எங்கள் வீட்டை விட அங்கே காற்றும் நல்லா இருக்கும், சாப்பாடும் நல்லா இருக்கும். அண்ணி கையால் கொள்ளுக் கடையல் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். பெருமாள் கோயில் பின்னால் மண்ரோட்டில் போனால் சீக்கிரம் போகலாம். கேட்டில் ஹாரன் அடிக்காதீர்கள், மேஜர் குரைப்பான், கடிக்க மாட்டான். இந்த எண்ணில் அண்ணியைக் கூப்பிடுங்கள்..."

இது உன் நம்பர் இந்திரா.

இன்னும் இருக்கு, இருங்க. "அண்ணன் கொஞ்சம் நிறையப் பேசுவார். உட்கார்ந்து கேளுங்கள். தங்கமான மனுசன்."

சார், இந்தக் கண்ணாடியில எனக்குச் சரியாத் தெரியலை. அந்தக் கடைசி வரியை நீங்க ஒரு தடவை படிங்க.

இன்னொரு தடவை படிங்க.

நீ என்ன இந்திரா பாக்கற? உனக்குத் தெரியும். ஆரம்பத்துல இருந்தே தெரியும், இல்ல? கேளுங்க கேளுங்கன்னு அதுக்குத்தான் சொன்னியா? நேரா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? நான் காது குடுத்துக் கேட்டிருப்பேனான்னு கேக்கறியா? அதுவும் சரிதான். பட்டர் ஃப்ரூட்டு சந்தையில வாங்கலைங்கறதும் இப்பப் புரியுது.

இருங்க, கண்ணாடியைத் தொடைச்சுக்கறேன் சார். பனி எறங்குதுல்ல, அதான். எனக்குப் பனி ஆகாது.

இருங்க, போன் அடிக்குது. பிரதாப் சார்தான். ஹலோ, சொல்லுங்க சார். அனுப்பிட்டீங்களா? இன்னும் இல்லையா? அனுப்பாதீங்க! கையை எடுங்க சார் அதுல இருந்து! ஆமா, நான்தான் சொன்னேன். இப்ப நான்தான் வேண்டாங்கறேன். பனித்துளியை விட்டுடுங்க. அது மேல கை வெச்சீங்க, நடக்கறதே வேற. மத்த எல்லாத்தையும் ஒதுக்குங்க. டைல்ஸ், நாய் பிஸ்கட், சறுக்குக் கட்டை, எல்லாத்தையும். என்னது? மார்க்கு நாலுக்கு எறங்கிடுமா? எறங்கட்டும் சார். இந்த நாலைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? நான் அப்புறம் பேசறேன். இங்க கெஸ்ட் இருக்காங்க.

மன்னிச்சுக்குங்க சார், சத்தம் போட்டுட்டேன்.

இப்ப ஒண்ணு சொல்றேன், நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. இதை அவன் ஏன் எழுதியிருக்கான்னா, மீட்டிங்ல என் மார்க்கு நாலுன்னு பாத்தான்ல, அப்ப எழுதியிருப்பான். பரிதாபப்பட்டு. எனக்கு யாரு பரிதாபமும் வேண்டாம். என்ன இந்திரா? அதுக்கு முன்னாடியே எழுதினதா? விசேசம் முடிஞ்ச மறுநாளா? நான் வரலைன்னு தெரிஞ்ச அன்னைக்கா?

சரி. சரி. நீ உள்ள போய்க் கடையலைப் பாரு, அடி புடிச்சுடப் போவுது.

உங்க பையைக் குடுங்க சார், நான் கொண்டாறேன். இவ்வளவு நேரம் மடியிலயே வெச்சிட்டு உக்காந்திருக்கீங்களே, கீழ வைங்கன்னு வந்தப்பவே சொன்னேன்ல. ஒரே ஒரு உதவி. உங்களுக்கு இந்த வெப்சைட்டு வேலை கொஞ்சம் தெரியுமா? தெரியுமா! அப்ப சாப்பிட்டதும் ஒரு பத்து நிமிசம் உக்காருங்க. நம்ம சைட்டுல அவன் வீட்டுப் பேரைப் போடணும். ஒறவுக்காக இல்லை சார், தொழிலுக்காக. பல்லு, போர்வெல், கராத்தே எல்லாத்தையும் தூக்கிடுங்க. எங்க போடறதுன்னா கேக்கறீங்க? மேல போடுங்க. எல்லாத்துக்கும் மேல, எங்கப்பா பேருக்கும் என் பேருக்கும் மேல போடுங்க. என்னைப் பந்தல்காரருக்குக் கீழ போட்டான்ல? பாத்து வெக்கப்படட்டும்.